கந்தர்வ கானம் பாடிய கிட்டப்பா

முன்னுரை

கலைகள் பலவற்றுள் ஓவியமும் கவிதையும் ஒருவன் தனித்திருந்து செய்யத்தக்கன. ஓலையும் எழுத்தாணியும் உடைய ஒருவன் பிறர் துணையை வேண்டாமலே ஒரு காவியத்தை இயற்றிவிடலாம். நாடகமோ அங்ஙனமன்று. புலவன் எழுதவேண்டும், வாத்தியார் பயிற்றவேண்டும், திரை எழுதுவோன் மலையையும் மாளிகையையும் தீட்டவேண்டும், ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் உடன் இசைக்கவேண்டும், அரசன், அரசி, தோழி, சேவகன், பபூன் எனப் பலர் வேடம் புனையவேண்டும். இத்தனை பேர் இரவெல்லாம் உழைத்தும், மறுநாட் காலையில் ஊரார் வாயில் நிற்பது பெரும்பாலும் ஒரே ஒரு பெயர். அவ்வாறு நிற்பது நீதியா, அன்றா என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பயின்றார்க்கு இவ்வினா புதியதன்று. மாதவியின் ஆடலைச் சொல்லப் புகுந்த இளங்கோவடிகள் அவளை உடனே அரங்கின்மேல் ஏற்றிவிடவில்லை. ஆடலாசான், இசையாசான், நன்னூற் புலவன், தண்ணுமையாசான், குழலோன், யாழாசிரியன் ஆகியோர் ஒவ்வொருவருடைய தகுதியையும் வகுத்துரைக்கின்றார். அரங்கின் நீள அகலங்களையும் அளந்து காட்டுகின்றார். அதன் பின்னரே நாடகக் கணிகை வலக்கால் முன் வைத்து ஏறுகின்றாள். ஆயினும் சோழ மன்னன் தலைக்கோற் பட்டமும், 1008 கழஞ்சு பொன் பெறும் மாலையும் அளித்தது மாதவி ஒருத்திக்கே. அடிகள் இரண்டையும் ஒருங்கே நம்முன் வைக்கின்றார்: பலருடைய உழைப்பும் உண்மை, பரிசு ஒருவர்க்கே என்பதும் உண்மை.

இவ்விரண்டு உண்மைகளும் தம் வாழ்நாளிலேயே முற்ற விளங்க வாழ்ந்து மறைந்தவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா ஆவார். அவர் இவ்வுலகில் இருந்தது இருபத்தேழு ஆண்டுகளே. அவற்றுள்ளும் புகழோடு விளங்கியவை மிகச் சில. ஆயினும் தமிழ் நாடக மேடையின் வரலாற்றில் ஒரு குரல் ஒரு கூட்டத்தை எவ்வளவு உயர்த்தலாகும் என்பதற்கு அவரை ஒத்த சான்று வேறில்லை. அவர்தம் வரலாற்றை நம்மால் இயன்ற அளவு சுருக்கி ஈண்டு வரைவோம்.

பிறப்பும் இளமையும்

குற்றாலச் சாரல் வீசும் செங்கோட்டையில் 1906ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25ஆம் நாள் கிட்டப்பா பிறந்தார். தந்தையார் கங்காதர ஐயர். தாயார் மீனாட்சி அம்மாள். பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன் என்பது. அன்பினால் அழைத்த கிட்டப்பா என்னும் பெயரே பின்னர் நிலைத்துவிட்டது. செங்கோட்டை அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. 1956ஆம் ஆண்டில் மாநிலங்கள் மொழிவழிப் பிரிக்கப்பட்டபோதுதான் தமிழ்நாட்டோடு இணைந்தது. அரசு எதுவாயினும் அவ்வூரின் பேச்சும் பாட்டும் தமிழே.

குடும்பம் பெரிது, செல்வம் சிறிது. அந்நாளில் பாடத்தெரிந்த பிள்ளைகளையுடைய ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு வழி திறந்திருந்தது. அதுவே பாய்ஸ் கம்பெனி. சிறுவர்களையே நடிகர்களாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்திய கூட்டங்களுக்கு அப்பெயர் வழங்கிற்று. கிட்டப்பாவின் தமையன்மாரும் அவ்வழியே சென்றவர்கள். பள்ளிக்குச் சென்று எழுத்தைப் பழகும் பருவத்தில் கிட்டப்பா மேடைக்குச் சென்று பாட்டைப் பழகினார். ஏட்டுக் கல்வி அவருக்கு வாய்த்தது குறைவு. கேள்விச் செல்வமோ அளவின்றி வாய்த்தது.

அக்கல்வியை அளித்தோருள் தலையாயவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867ஆம் ஆண்டில் பிறந்து 1922ஆம் ஆண்டில் மறைந்த அப்பெரியாரைத் தமிழ் நாடக உலகம் இன்றும் தலைமையாசிரியர் எனப் போற்றுகின்றது. வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்கள் அவர் இயற்றியவை. அவர் நடத்திய சமரச சன்மார்க்க நாடக சபையில் கிட்டப்பா பயின்றார். சுவாமிகளின் பாட்டு எதுகை மோனை செறிந்தது, சந்தம் பிறழாதது, பொருளும் ஆழமுடையது. அதனைச் சிறுவர்கள் புத்தகம் பார்த்துக் கற்பதில்லை. வாத்தியார் ஓரடி சொல்லச் சிறுவர் ஓரடி சொல்லிச் செவி வழியாகவே நெட்டுருப் பண்ணினர். சொல்லைச் சிதைத்துப் பாடுவோர்க்கு ஆங்கே தண்டனை உண்டு. பிற்காலத்தில் கிட்டப்பா எவ்வளவு விரைவாகப் பாடினும் ஓரெழுத்தும் விழுங்கப்படாமல் ஒலித்தது என்றால், அவ்வொழுங்கின் வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது. பிறவிக் குரல் இறைவன் தந்தது. சொற்றெளிவோ ஒரு சபை தந்தது. இதனை நாம் நினைவில் நிறுத்திக்கொள்ளவேண்டும்.

மகரக்கட்டு என்னும் கண்டம்

பாய்ஸ் கம்பெனியில் ஒவ்வொரு சிறுவனுடைய தலைக்குமேலும் ஒரு வாள் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மகரக்கட்டு என்று பெயர். பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண்பிள்ளையின் குரல் உடைந்து கரகரப்பதை நாடகக்காரர் அவ்வாறு வழங்கினர். நேற்றுவரை இராஜபார்ட்டாகவும் ஸ்திரீபார்ட்டாகவும் விளங்கி, முதலாளியின் செல்லப்பிள்ளையாய் இருந்தவன், குரல் உடைந்தவுடன் சேவகன் வேடத்திற்கோ சீன் இழுக்கும் வேலைக்கோ தள்ளப்படுவான். சிலர் ஊருக்கே திரும்பிவிடுவர். பாடும் குரல் மீண்டு வருமோ வாராதோ என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

முதன்மைப் பாடகன் ஒருவனையே நம்பி வாழும் கூட்டத்தின் இயல்பு இதில் வெளிப்படுகின்றது. அவனுக்குத் தரப்படும் மதிப்பு அவனுக்குத் தரப்படுவதன்று. அவன் தொண்டைக்குத் தரப்படுவது. தொண்டை மாறினால் மதிப்பும் மாறும். கிட்டப்பாவின் குரலும் பிள்ளைக் குரலாகவே நிற்கவில்லை. ஆயினும் அப்பருவத்தைக் கடந்த பின்னரும் உயர்ந்த சுருதியில் தங்குதடையின்றிச் செல்லும் ஆற்றல் அவரிடம் நிலைத்திருந்தது. பலர்க்கு முடிவாக அமைந்த இடம் அவர்க்குத் தொடக்கமாக அமைந்தது.

கன்னையா கம்பெனி

கிட்டப்பாவின் புகழ் நாடெங்கும் பரவியது கன்னையா கம்பெனியில். கன்னையா அவர்கள் நடத்திய ஸ்ரீ கிருஷ்ண விநோத சபை அக்காலத்தில் காட்சிச் சிறப்பிற்குப் பெயர் பெற்றது. திரைகள், உடைகள், நகைகள், தந்திரக் காட்சிகள் ஆகியவற்றில் பொருளை வாரி இறைத்தவர் அவர். அக்கம்பெனியின் தசாவதாரம் என்னும் நாடகத்தைக் காண மக்கள் திரண்டு சென்றனர்.

இங்கே ஓர் ஐயம் எழும். மக்கள் சென்றது தசாவதாரத்தின் காட்சிகளைக் காணவோ, கிட்டப்பாவின் பாட்டைக் கேட்கவோ? நாம் கருதுமாறு, முதல் நாள் சென்றது காட்சிக்காக. மறுநாளும் அதற்கு மறுநாளும் சென்றது பாட்டுக்காக. ஏனெனில் தந்திரக் காட்சி எவ்வளவு வியப்பைத் தரினும் ஒரு முறை கண்டவுடன் அதன் மறை வெளிப்பட்டுவிடும். பாட்டோ கேட்குந்தோறும் புதுமை தருவது. அதனினும், நல்ல பாடகன் நேற்றுப் பாடியவாறே இன்று பாடுவதில்லை. ஒரே விருத்தத்தை இன்று ஓர் இராகத்தில் தொடங்குவான், நாளை வேறோர் இராகத்தில் தொடங்குவான். ஆகவே கொட்டகையில் ஒரே நாடகம் நடைபெறினும் கேட்பவனுக்கு அது ஒரே நாடகம் அன்று. தனிச்சிறப்புடைய குரல் ஒரு கூட்டத்திற்கு ஆற்றும் முதற்பணி இதுவே: பழைய சரக்கை நாள்தோறும் புதிய சரக்காக்கித் தருவது.

எனினும் கன்னையாவின் பங்கினை மறத்தலாகாது. சிற்றூர்க் கீற்றுக் கொட்டகையிலேயே கிட்டப்பா நின்றிருந்தால் அவர் புகழ் அவ்வட்டாரத்தோடு அமைந்திருக்கும். பெரிய மேடை, பெரிய நகரம், பெரிய கூட்டம் ஆகியவற்றை அமைத்துத் தந்தவர் முதலாளி. விளக்கின் சுடர் நெடுந்தொலைவு தெரியவேண்டுமானால் அதனைக் குன்றின்மேல் கொண்டு வைப்பான் ஒருவன் வேண்டுமன்றோ?

சாரீரத்தின் சிறப்பு

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. ஆயிரக்கணக்கானோர் அமர்ந்த கொட்டகையில் கடைசித் தரை டிக்கெட்டில் இருப்பவனுக்கும் பாட்டுத் தெளிவாகக் கேட்டாகவேண்டும். கேட்கவில்லையாயின் அவன் சும்மா இரான், கூச்சலிடுவான். ஆகவே இராஜபார்ட் நடிகனுக்குரிய முதல் தகுதி உயர்ந்த கட்டையில் உரத்துப் பாடுதல். உரத்துப் பாடுவோர் அக்காலத்தில் பலர் இருந்தனர். உரத்தும் இனித்தும் பாடுவோர் சிலரே. உரத்தும் இனித்தும், அதே வேளையில் மின்னலென விரையும் பிருகாக்களைச் சுருதி வழுவாமல் உதிர்த்தும் பாடியவர் கிட்டப்பா. அதனாலேயே அவர் பாட்டைக் கந்தர்வ கானம் என மக்கள் வழங்கினர்.

இவற்றின் மேலும் ஒன்றுண்டு. கற்றோர்க்குரிய சங்கீதத்திற்கும் மற்றோர்க்குரிய நாடகப் பாட்டிற்கும் இடையே அந்நாளில் ஒரு மதில் இருந்தது. கிட்டப்பா அம்மதிலைத் தாண்டினார். தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனத்தையும் பாடினார். இராமலிங்க அடிகளின் அருட்பாவை விருத்தமாகவும் பாடினார். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகப் பாட்டையும் பாடினார். சபாவில் இடம் பெறாத வண்டிக்காரனும் கூலிக்காரனும் அவர் வாயிலாகத் தேவாமிர்தவர்ஷிணி போன்ற அரிய இராகத்தைக் கேட்டனர். கச்சேரி கேட்டுப் பழகிய வித்துவான்களும் கொட்டகைக்கு வந்தனர். இரு திறத்தாரையும் ஒரே பந்தலின்கீழ் அமர்த்தியது அக்குரல். ஒரு கூட்டத்தின் வெற்றி என்பது வசூலின் பெருக்கம் மட்டுமன்று. அதுவரை வாராதவரை வரவழைத்தலும் ஆகும்.

அவர் பாடிய இசைத்தட்டுகள் சில இன்றும் கிடைக்கின்றன. தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். இரவு முழுதும் பாடியவரை மூன்று நிமிடத்திற்குள் அடைப்பது கடலைக் கமண்டலத்தில் அடைப்பது போலாம். இருந்தும் அத்தட்டுகளைக் கேட்பவர், இரைச்சலையும் கீறலையும் கடந்து மேலே மேலே ஏறும் அக்குரலை அறிந்துகொள்வர்.

கூத்துக் களத்தில் ஓர் ஒப்புமை

குரலின் ஆட்சியை அறிவதற்கு நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. வேலூருக்குத் தெற்கே சவ்வாது மலையின் அடியில் அமிர்தி என்னும் வனப்புமிக்க ஊர் உள்ளது. கானும் அருவியும் சூழ்ந்த அவ்விடத்திற்கு உலாச் செல்லாத மாணவர் நம் பக்கத்தில் அரியர். வட ஆர்க்காட்டின் சிற்றூர்களில் திரௌபதியம்மன் விழாவின்போது பாரதக் கூத்து நிகழ்வது வழக்கம். அமிர்திப் பக்கத்தில் அத்தகைய கூத்தொன்றை விடியும்வரை இருந்து கண்ட நாம், பாட்டுக்கும் கூட்டத்திற்கும் உள்ள உறவை ஆங்கே தெளிவாக உணர்ந்தோம்.

கூத்தில் வேடதாரியே பாடவேண்டும். அவன் ஓரடி பாடி முடித்தவுடன் பின்னே நிற்கும் பின்பாட்டுக்காரர் அவ்வடியை ஏந்திக்கொள்வர். முகவீணையும் மிருதங்கமும் தாளமும் தொடரும். அவ்விடைவேளையில் வேடதாரி அடியெடுத்து ஆடுவான், மூச்சு வாங்குவான், அடுத்த அடிக்கு ஆயத்தமாவான். பின்பாட்டு இல்லையேல் துரியோதனன் நள்ளிரவுக்குள் களைத்து வீழ்வான். கருணன் வேடம் புனைபவரின் பெயரைக் கேட்டே மக்கள் வருகின்றனர் என்பது மெய். அக்கருணனை விடியும்வரை நிறுத்தி வைப்பவர் பெயர் தெரியாத பின்பாட்டுக்காரர் என்பதும் மெய்.

கிட்டப்பாவின் மேடையில் இப்பணியை ஆற்றியது ஆர்மோனியம். அவருடைய தமையனார் காசி ஐயர் ஆர்மோனியத்தில் வல்லவர். பாடகன் மேற்சுருதியில் நின்று நிரவும்போது சுருதியை விடாது பிடித்துத் தருவதும், அவன் விட்ட இடத்திலிருந்து எடுத்து வாசித்து மூச்சு வாங்க இடம் கொடுப்பதும், கரகோஷம் ஓயும்வரை இசை அறுபடாமல் காப்பதும் ஆர்மோனியக்காரர் கடமை. தம்பியின் குரலைத் தன் விரல்போல அறிந்த தமையன் உடன் அமர்ந்தது கிட்டப்பாவின் பெரும்பேறு.

இணையான குரல்

கன்னையா கம்பெனியை விட்டு நீங்கிய கிட்டப்பா, தமையன்மாரோடு கூடித் தாமே சபை நடத்தலானார். 1924ஆம் ஆண்டில் அவருக்குக் கிட்டம்மாள் என்னும் நங்கையோடு திருமணம் நிகழ்ந்திருந்தது. 1926ஆம் ஆண்டில் அவர் நாடகத்தின் பொருட்டு இலங்கைக்குச் சென்றார். கொழும்பு மாநகரில் அப்போது புகழோடு நடித்துக்கொண்டிருந்தவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். 1908ஆம் ஆண்டில் பிறந்த அவ்வம்மையாரும் வறுமையில் வளர்ந்து, சிறுமியாயிருக்கும்போதே நாடகத்திற் புகுந்தவர். கணீரென்ற அவர் குரலும் ஒலிபெருக்கியை வேண்டாதது.

வள்ளி திருமணத்தில் கிட்டப்பா முருகனாகவும் சுந்தராம்பாள் வள்ளியாகவும் நடித்தனர். இந்நாடகத்தின் உயிர் தர்க்கம் என்னும் பகுதியில் உள்ளது. தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் வேடனாக வந்த முருகன் வினாவைப் பாட்டால் தொடுப்பான். வள்ளி விடையைப் பாட்டால் கொடுப்பாள். எழுதி வைத்த பாட்டு ஒருபுறம் இருக்க, அவ்வப்போது தோன்றும் சமயோசிதமும் இசை வன்மையும் அங்கே போரிடும். ஒருவர் குரல் ஓங்கி மற்றவர் குரல் தாழ்ந்தால் தர்க்கம் சுவைக்காது. இருவரும் நிகராயின், ஒருவர் எட்டிய இடத்தை மற்றவரும் எட்டவேண்டும், அதற்கு மேலும் ஒரு படி ஏறவேண்டும் என்ற ஊக்கம் பிறக்கும். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் எதிர் நின்றபோது நிகழ்ந்தது அதுவே. தனித்தனியே பெரியவராய் இருந்த இருவரும் சேர்ந்தபோது முன்னினும் பெரியவராயினர்.

முதன்மைப் பாடகனைப் பற்றிய நமது ஆராய்ச்சியில் இது சிந்திக்கத்தக்கது. தன் ஒளி மங்கிவிடுமோ என்று அஞ்சித் தன்னைச் சுற்றிலும் தாழ்ந்த குரல்களையே வைத்துக்கொண்ட நடிகர் பலர். கிட்டப்பாவோ தமக்கு நிகரான குரலைத் தேடிப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். 1927ஆம் ஆண்டில் இருவரும் வாழ்க்கையிலும் இணைந்தனர். அதன் பின்னர் அவர்கள் இருவர் பெயரும் அச்சிட்ட நோட்டீசு எந்த ஊரில் ஒட்டப்படினும் அந்த ஊர்க் கொட்டகை நிரம்பிற்று. நாட்டு விடுதலைக் கிளர்ச்சி மூண்டிருந்த அந்நாளில் இருவரும் கதர் உடுத்தினர்; தேசியப் பாடல்களையும் மேடையில் முழக்கினர். முருகனையும் வள்ளியையும் காண வந்தவர் பாரத நாட்டையும் எண்ணி வீடு திரும்பினர்.

பாரமும் முறிவும்

இனி வருவது துன்பமான பகுதி. ஒரு குரலால் ஒரு சபை வாழுமாயின், அச்சபையின் பாரம் முழுதும் அக்குரலின்மேல் ஏறும். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் விடியும்போது முடியும். மறுநாள் இரயிலேறி வேற்றூர் சென்று மீண்டும் அன்றிரவே பாடவேண்டும். தலைவலி என்றோ தொண்டைக்கட்டு என்றோ சொல்லுதற்கு இராஜபார்ட் நடிகனுக்கு உரிமையில்லை. அவன் வாரானாயின் கண்டிராக்டர் டிக்கெட்டுப் பணத்தைத் திருப்பவேண்டும்; கொட்டகை வாடகை நஷ்டம்; சீன் இழுப்பவன் முதல் சமையற்காரன் வரை கூலியின்றி நிற்பர். ஐம்பது பேரின் உணவு ஒருவன் தொண்டையில் இருந்தது என்றால் அது மிகையாகாது. மக்களோ ஒரு முறை பாடினால் அமையார். மீண்டும் மீண்டும் பாடக் கேட்பர். அவர்களுடைய அன்பே பாடகனை அரிக்கும் அரமாயிற்று.

கிட்டப்பாவின் இல்வாழ்விலும் அமைதி நிலைக்கவில்லை. அவருக்கும் சுந்தராம்பாளுக்கும் இடையே மனவேற்றுமை நேர்ந்தது. உடல்நலமும் குன்றலாயிற்று. நோயுற்ற பின்னரும் அவர் பாடிவந்தார். ஓய்வு என்பது அவர் அறியாத சொல். 1933ஆம் ஆண்டில் நோய் முற்றிற்று. அவ்வாண்டு டிசம்பர் மாதம் 2ஆம் நாள் கிட்டப்பா இவ்வுலக வாழ்வை நீத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. நம் கல்லூரியில் பட்டம் பெற்றுப் புறப்படுவோர் வேலை தேடத் தொடங்கும் வயதில் அவர் ஒரு கலையின் உச்சியைத் தொட்டு, வாழ்வையும் முடித்துவிட்டார்.

தமிழில் முதல் பேசும் படமாகிய காளிதாஸ் 1931ஆம் ஆண்டில் வெளிவந்தது. கிட்டப்பா அப்புதிய கலையிற் புகுமுன்னரே மறைந்தார். ஆதலின் அவர் நடிப்பைக் காண நமக்கு வழியில்லை. அவர் நடையைப் பின்பற்றி உயர்ந்த சுருதியில் பாடிய எம். கே. தியாகராஜ பாகவதர் 1934ஆம் ஆண்டில் பவளக்கொடியில் தோன்றித் திரையுலகை ஆண்டார். கிட்டப்பா விட்டுச் சென்ற அரியணையே அவருக்குக் காத்திருந்தது எனலாம்.

அவருக்குப் பின்

கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து வயது. வெள்ளையுடை உடுத்து, நகைகளைக் களைந்து, மேடையைத் துறந்து அவர் ஒதுங்கினார். எந்த ஆடவருக்கும் இணையாக இனி நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். பின்னர்த் திரையுலகினர் நெடிது வேண்ட, 1935ஆம் ஆண்டில் வெளிவந்த நந்தனார் படத்தில் நந்தனாராகவே ஆண் வேடம் புனைந்து நடித்தார். அதற்கென அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அக்காலத்தில் நாடெங்கும் பேசப்பட்டது. 1953ஆம் ஆண்டில் ஔவையாராகத் தோன்றினார். 1980ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். வள்ளியாக நின்று முருகனோடு தர்க்கம் புரிந்த குரல், அதன்பின் முருகனை வேண்டிப் பாடும் குரலாகவே ஒலித்தது. தலைமைக் குரல் அவிந்தபோது இணைக்குரல் தானும் அவியாமல், வேறொரு வடிவில் எழுந்து நின்ற வரலாறு இது.

பிற நாட்டார் வரலாறும் இதனையே காட்டுகின்றது. மராட்டிய நாட்டில் பால கந்தர்வர் என்னும் நடிகர் தம் தேனொத்த குரலால் கிர்லோஸ்கர் நாடக மண்டலியை விளங்கச் செய்தார். 1913ஆம் ஆண்டில் அவர் அதனின்று பிரிந்து கந்தர்வ நாடக மண்டலியைக் கண்டார். மக்கள் குரலின் பின்னே சென்றனர்; பழைய மண்டலியின் ஒளி குறைந்தது. புதிய மண்டலி செழித்தது. ஆயினும் கடன் அதனைத் தொடர்ந்து வருத்திற்று. குரல் கூட்டத்தைச் சேர்க்கும், கணக்கு எழுதாது.

இதற்கு மறுதலையாகவும் ஒரு சான்று நம் நாட்டிலேயே உண்டு. சங்கரதாஸ் சுவாமிகளின் மாணவராகிய டி. கே. எஸ். சகோதரர் நால்வர் 1925ஆம் ஆண்டில் தாமே கம்பெனி தொடங்கினர். அவர்களுள் டி. கே. சண்முகம் தேர்ந்த நடிகரே, பாடவும் வல்லவர். எனினும் அவர்கள் ஒரு தொண்டையை நம்பித் தம் சபையை அமைக்கவில்லை. ஒத்திகை, ஒழுங்கு, புதிய நாடகம், நேரம் தவறாமை ஆகியவற்றின்மேல் அமைத்தனர். ஒருவர் நோயுற்றால் மற்றொருவர் அவ்வேடத்தைப் புனைய ஆயத்தமாயிருந்தார். அக்கம்பெனி கால் நூற்றாண்டு நிலைபெற்றது. இன்னும் முன்னே, 1891ஆம் ஆண்டில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார், பாட்டைக் குறைத்து வசனத்தைப் பெருக்கி நாடகம் நடத்தினார். அவர் சபையும் புகழ் பெற்றதே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் நாம் அடையும் முடிவு யாது? தனித்தன்மை வாய்ந்த தலைமைப் பாடகன் ஒரு கூட்டத்திற்கு அணிகலன் மட்டும் அல்லன்; அதன் வாயில். மக்கள் உள்ளே நுழைவது அவ்வாயில் வழியாகத்தான். கிட்டப்பாவின் குரல் இன்றேல், சுவாமிகளின் பாட்டு பல்லாயிரவர் செவியில் புகுந்திராது. சுவாமிகளின் பயிற்சியும், கன்னையாவின் மேடையும், காசி ஐயரின் ஆர்மோனியமும், சுந்தராம்பாளின் எதிர்ப்பாட்டும் இன்றேல், அக்குரல் செங்கோட்டைத் தெருக்களிலே ஒலித்து ஓய்ந்திருக்கும். ஆகவே கூட்டம் பெரிதா, குரல் பெரிதா என வழக்காடுவது பயனற்றது.

பயனுள்ள வினா வேறொன்று உண்டு. தன்னை வாழ்விக்கும் குரலை அக்கூட்டம் எவ்வாறு காக்கிறது என்பதே அவ்வினா. பொன் முட்டையிடும் வாத்தின் கதையைச் சிறுவயதில் கேட்டு நகைத்த நாம், வளர்ந்தபின் அவ்வாத்தை அறுப்பவர் கூட்டத்திலேயே பெரும்பாலும் நிற்கின்றோம். இன்னும் ஒரு பாட்டு, இன்னும் ஓர் இரவு என்று கை தட்டியவர் எவரும் கிட்டப்பாவுக்குத் தீங்கு எண்ணியவர் அல்லர், அனைவரும் அன்பரே. அவ்வன்பில் அளவு இல்லாமற் போயிற்று, அதுவே குறை. கழகமாயினும், விளையாட்டுக் குழுவாயினும், நாடகக் கூட்டமாயினும், ஆற்றல் மிக்க ஒருவர் வாய்த்தவுடன் எல்லாப் பணியையும் அவர் தலையில் ஏற்றிவிட்டு நாம் இளைப்பாறுகின்றோம். அவர் வெல்லும்போது நம் வெற்றி என்கிறோம். அவர் தளரும்போது வேறொருவரைத் தேடுகின்றோம்.

மாதவிக்குத் தலைக்கோல் அளித்ததில் சோழன் தவறவில்லை. குழலோனையும் யாழோனையும் மறவாது எழுதியதில் இளங்கோவடிகளும் தவறவில்லை. சிறந்தாரைச் சிறந்தார் என்று தயங்காது போற்றுதலும், அவருடன் நின்று பாரம் தாங்குதலும் ஒருங்கே நம் கடமையாகும். அதனைச் செய்திருந்தால் கிட்டப்பாவின் கந்தர்வ கானத்தை நம் பாட்டன்மார் மட்டுமன்றி நம் தந்தையரும் நேரிற் கேட்டிருக்கக்கூடும்.